லாடம் கட்டிய மாடும் தேயாத டயரும்

ஐப்பசியின் முதல் மழை அன்றுதான் பிடித்திருந்தது. செல்லம்பட்டி தாண்டி வரும்போது மணி மாலை ஆறரை. ஒரு சினைப்பசு சாலையோரத்துப் புல்லை விட்டுவிட்டு, நிதானமாகத் தார்ச்சாலையின் நடுவில் வந்து நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. பசுவுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தபோதுதான் நின்றது. பசுவின் சொந்தக்காரர் ஓடிவந்து, "டாக்டரம்மா, ஊசி போட வருவீர்கள் என்று பார்த்தால் இடிக்க வருகிறீர்களே" என்றார். கால்நடை மருத்துவர் மாட்டை இடித்தார் என்று பெயர் வாங்கியிருந்தால் உசிலம்பட்டி வட்டாரத்தில் நான் அதற்கு மேல் வேலை பார்த்திருக்க முடியாது.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்து டயரைப் பார்த்தேன். மொட்டையாக இல்லை. பட்டன் 4 மில்லிமீட்டர் இருந்தது. டயரின் மேல்பட்டையில் உள்ள கட்டங்களை எங்கள் பக்கத்துக் கடைக்காரர்கள் பட்டன் என்பார்கள். 46,000 கிலோமீட்டர் ஓடியும் அவ்வளவு மிச்சம். வாங்கும்போது கடைக்காரர் பெருமையாகச் சொன்னது நினைவுக்கு வந்தது: "கல் மாதிரி ரப்பர், டாக்டரம்மா. தேயவே தேயாது." உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். கல் மாதிரிதான் வழுக்கியது.

நான் தினமும் பார்க்கும் விஷயம் இது. அன்றுவரை டயரோடு சேர்த்து யோசித்ததில்லை, அவ்வளவுதான். வண்டி மாட்டுக்கு லாடம் கட்டாவிட்டால் தார்ச்சாலையில் குளம்பு தேய்ந்து மாடு நொண்டும். இரும்பு லாடம் கட்டினால் தேய்மானம் நிற்கும். ஆனால் மழை நனைத்த தாரில் அதே மாடு சறுக்கி விழும், சமயத்தில் இடுப்பெலும்பு விலகி என்னிடம் வரும். குளம்புக்குப் பிடிப்பு உண்டு, ஆயுள் இல்லை. லாடத்துக்கு ஆயுள் உண்டு, பிடிப்பு இல்லை. டயர் கடையில் நாம் கேட்கும் கேள்வியும் இதுதான்: குளம்பா, லாடமா, இரண்டுக்கும் நடுவில் எங்கே?

என் கார் பத்து வயது ஸ்விஃப்ட். 1,49,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு நாகமலைப் புதுக்கோட்டை. உசிலம்பட்டிக்குப் போக வர 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, மாதம் 1,250 வரும். கம்பெனி போட்டுக் கொடுத்த டயர் 42,000 ஓடியது. அடுத்தது மேலே சொன்ன கல். பசுவைப் பார்த்து அரண்டுபோய், மூன்றாவதாக, இருப்பதிலேயே மென்மையான ரப்பர் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். மழையில் அருமையாக நின்றது. 27,000 கிலோமீட்டரில் தேய்ந்தும் போனது. இப்போது ஓடுவது நான்காவது செட். 34,000 ஓடியிருக்கிறது, இரண்டு குறையும் இல்லை. இந்த நான்காவதை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதைத்தான் எழுதுகிறேன்.

கடைக்குப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. நீங்கள் ஓட்டும் சாலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். நான் எழுதியபோது பத்தில் எட்டுப் பங்கு கொச்சி–தனுஷ்கோடி நெடுஞ்சாலை, ஒரு பங்கு கருவேல முள்ளும் சரளையும் நிறைந்த கிராமத்துப் பாதை, மிச்சம் மதுரைக்குள் காளவாசல் நெரிசல். கொடைக்கானலுக்கு வருடத்தில் இரண்டு முறை, ஆண்டிபட்டிக் கணவாய் மாதம் ஒரு தடவை. அடுத்து, அவற்றில் எந்த இடத்தில் கார் வழுக்கினால் உயிர் போகும் என்று குறியுங்கள். எனக்கு அது கொடைக்கானல் மலைப்பாதை இல்லை. அங்கே இரண்டாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில்தான் இறங்குகிறேன். முதல் மழை நனைத்த நெடுஞ்சாலையில், 70 வேகத்தில், குறுக்கே ஆடோ மாடோ டிவிஎஸ் 50-யோ வரும் இடம்தான் எனக்கு ஆபத்து. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மழையின் முதல் கால் மணி நேரத்தில் குழம்பாகிவிடும். பிறகு நன்றாகப் பெய்து கழுவிவிட்டால் அதே சாலை தேவலாம். ஆகவே எனக்கு வேண்டியது ஈரத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடித்தால் நிற்கும் டயர். வளைவில் பந்தயக் கார் போலத் திரும்பும் டயருக்கு நான் காசு கொடுக்கத் தேவையில்லை. வருடத்துக்கு இரண்டு மலைப் பயணத்துக்காக ஸ்போர்ட்ஸ் டயர் வாங்குகிறவர்களைப் பார்த்தால், பொங்கலுக்கு ஒரு நாள் கட்டுவதற்காக வருடம் முழுக்கப் பட்டுச்சேலையில் சமைப்பது போல இருக்கிறது.

இப்போது ரப்பர் விஷயம். டயருக்குக் கறுப்பு நிறம் தருவது கார்பன் கறுப்பு. தேய்மானத்தைத் தாங்கும் வலிமை பெரும்பாலும் அதிலிருந்து வருகிறது. 1990-களில் மிச்லின் நிறுவனம் அதில் பெரும் பகுதியை எடுத்துவிட்டு சிலிகாவைக் கலக்கத் தொடங்கியது. சிலிகா கலந்த ரப்பர் ஈரச் சாலையை நன்றாகப் பற்றும், உருளும்போது வீணாகும் ஆற்றலும் குறைவு, அதனால் பெட்ரோலும் மிச்சம். டயர் செய்கிறவர்கள் ஈரப்பிடிப்பு, ஆயுள், உருளும் எளிமை ஆகிய மூன்றையும் ஒரு முக்கோணமாகச் சொல்வார்கள். ஒரு முனையை இழுத்தால் இன்னொன்று சுருங்கும். சிலிகா முக்கோணத்தையே கொஞ்சம் பெரிதாக்கியது, ஆனால் இல்லாமல் ஆக்கவில்லை. அதனால் "எல்லாமே முதல் தரம்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அடுத்த கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "இதே கம்பெனியில் உழைப்புக்கென்று ஒன்றும் பிடிப்புக்கென்று ஒன்றும் இருக்குமே, இரண்டையும் எடுத்துக் காட்டுங்கள்." பெரும்பாலான நிறுவனங்களில் உண்டு. சியட்டில் மைலேஸ் உழைப்புக்கு, செக்யூராடிரைவ் பிடிப்புக்கு. அப்பல்லோவில் அமேசர் 4ஜி லைஃப் ஒரு பக்கம், ஆல்நாக் 4ஜி இன்னொரு பக்கம். குட்இயரில் டியூராபிளஸ் நீண்ட ஆயுளைச் சொல்லி விற்கப்படுகிறது, டிரிபிள்மேக்ஸ் ஈரத்தில் நிற்பதைச் சொல்லி. எந்தக் கம்பெனி நல்லது என்ற வாதத்தை டீக்கடைக்கு விட்டுவிடலாம். ஒரே கம்பெனிக்குள் எந்த வரிசை என்பதுதான் நமக்கு முடிவு செய்ய வேண்டிய விஷயம், அதுதான் அதிக வித்தியாசம் காட்டும்.

டயரின் பக்கவாட்டில் புடைத்த எழுத்தில் சில வேளை டிரெட்வேர் என்று போட்டு 300, 360, 420 என ஏதாவது எண் இருக்கும். அது அமெரிக்க விதிப்படி போடுவது. இங்கே விற்கும் எல்லா டயரிலும் இருக்காது. டெக்சாஸில் சான் ஆஞ்சலோ ஊரைச் சுற்றியுள்ள சாலையில் சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, 100 என்று வைத்த ஒரு மாதிரி டயரோடு ஒப்பிட்டு, அந்த எண்ணைத் தயாரிப்பாளரே போடுகிறார். 400 என்றால் அந்தச் சோதனையில் மாதிரியைப் போல நான்கு மடங்கு உழைப்பு. அதை 40,000 கிலோமீட்டர் என்று மொழிபெயர்க்கும் கடைக்காரர்களைச் சந்தித்திருக்கிறேன். அப்படி ஒரு கணக்கு கிடையாது. ஒரு கம்பெனியின் 400-ஐ இன்னொரு கம்பெனியின் 400-ஓடு வைத்துப் பார்ப்பதும் அவ்வளவு சரியில்லை. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்திலேயே டிராக்‌ஷன் என்று ஏஏ, ஏ, பி, சி என்ற எழுத்து இருக்கும். அது நனைந்த தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும் சோதனை, எனக்கு வேண்டியது அதேதான். ஏ-க்குக் கீழே நான் இறங்குவதில்லை. டிரெட்வேர் எண் மிகப் பெரிதாக இருந்து டிராக்‌ஷன் பி என்றிருந்தால், அது லாடம்.

எண்ணும் எழுத்தும் இல்லாத டயரில் சிலர் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். பசுவின் வயிற்றைப் பார்த்தே கன்று காளையா கிடாரியா என்று சொல்கிறவர்களும் எங்கள் ஊரில் உண்டு. அதைவிட பட்டனைப் பாருங்கள். சுற்றுவட்டமாக ஓடும் அகலமான வாய்க்கால்கள் மூன்று நான்கு இருக்க வேண்டும், அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீர் வெளியேறச் சந்துகள் பிரிய வேண்டும். தேங்கிய நீரில் டயர் மிதக்காமல் இருப்பது அவற்றால்தான்.

அளவில் விளையாட வேண்டாம். என் காரில் 165/80 ஆர்14 85டி. அகலம் 165 மில்லிமீட்டர், அதில் 80 விழுக்காடு பக்கச் சுவரின் உயரம், 14 அங்குல ரிம். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. கடைசி இரண்டும் கம்பெனி கொடுத்ததைவிடக் குறையக் கூடாது. அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்று 185/70 ஆர்14 மாட்டச் சொன்னார்கள். மொத்த விட்டம் 620-இலிருந்து 615 மில்லிமீட்டராகிறது, அது பெரிய வித்தியாசம் இல்லைதான். ஆனால் ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், தேங்கிய நீரில் அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும். நான் மாற்றவில்லை.

டயரின் வயதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 1425 என்றால் 2025-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம், அதாவது ஏப்ரல் தொடக்கம். ஒரு பக்கத்தில்தான் இருக்கும். தெரியாவிட்டால் டயரைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஒருமுறை "புதுச் சரக்கு" என்று எனக்கு எடுத்து வைத்த நான்கில் ஒன்று மூன்று வருடத்துக்கு முந்தையது. கேட்டதும் முகம் மாறாமல் உள்ளே போய் வேறொன்றை எடுத்து வந்தார். ஆறு மாதம் வரை எனக்குச் சம்மதம். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் ஒரு கண் பார்த்துவிடுங்கள்.

காசுக் கணக்குக்கு வருவோம். விலைகளை ஏறத்தாழ இப்போதைய நிலவரத்துக்குக் கொண்டுவந்து, பட்டன் 3 மில்லிமீட்டருக்கு இறங்கும் வரை ஓடும் தூரத்தால் வகுத்தேன். கல் டயர் நான்கும் 17,600 ரூபாய், 57,500 கிலோமீட்டர் வந்திருக்கும்: கிலோமீட்டருக்கு 31 பைசா. மென்மையானது 20,800 ரூபாய், 27,000 கிலோமீட்டர்: 77 பைசா. இப்போது ஓடுவது 20,000 ரூபாய். புதிதில் 7.8 மில்லிமீட்டர் இருந்தது, 34,000-க்குப் பிறகு 4.3 இருக்கிறது, இப்படியே தேய்ந்தால் 46,000-க்குக் கொஞ்சம் மேலே போகும்: 43 பைசா. கல்லுக்கும் இதற்கும் 12 பைசா வித்தியாசம். என் ஓட்டத்துக்கு மாதம் 150 ரூபாய், மாட்டுத்தாவணியில் இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசு. பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 ரூபாய் கொடுத்துக்கொண்டு, டயரில் 12 பைசா மிச்சம் பிடிக்கத்தான் அந்தக் கல்லை வாங்கியிருக்கிறேன். மென்மையான டயரின் 77 பைசாவும் எனக்குத் தாங்கும் தொகைதான் என்றாலும், இரண்டு வருடத்துக்குள் மறுபடி கடை வாசலில் நிற்பது எரிச்சல்.

ஆனால் அந்த 27,000-க்கு டயரை மட்டும் குறை சொல்ல முடியாது. பாதிப் பழி என்னுடையது. பிடிப்பைக் கடையில்தான் வாங்க முடியும். வாங்கிய பிறகு கூட்டவே முடியாது. ஆயுளை அப்படியில்லை, கவனித்தால் பல ஆயிரம் கிலோமீட்டர் கூட்டலாம். தராசில் பிடிப்பின் பக்கம் சற்றே சாய்த்து நான் வாங்குவது அதனால்தான்.

அந்த மென்மையான டயரில் முன் இரண்டின் உள்விளிம்பும் மொட்டையாகியிருந்தது, நடுவில் பட்டன் நன்றாக இருந்தது. அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கும் கோணம், போய்விட்டது என்று பொருள். எங்கள் ஊர் வேகத்தடைகளுக்கு வெள்ளை பூசும் வழக்கம் குறைவு. பறந்து இறங்கிய பிறகுதான் தெரியும். இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை உள்ளங்கையால் டயரைக் குறுக்கே தடவிப் பார்க்கிறேன். ஒரு பக்கமாகத் தடவினால் வழுவழுப்பும் மறுபக்கம் தடவினால் பூனை நாக்குப் போல் சொரசொரப்பும் இருந்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே அலைன்மென்ட் விலகத் தொடங்கிவிட்டது. அப்போதே பைபாஸ் சாலைக் கடைக்குப் போய்ச் சரிசெய்துவிடுவேன்.

காற்று. இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு, நடுப்பட்டை தேய்ந்தால் அதிகம். சரியான அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். பெட்ரோல் பங்கில் தம்பிகள் எல்லாக் காருக்கும் 35 பிடித்து அனுப்புவார்கள். அளவைச் சொல்லிக் கேளுங்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் திண்டுக்கல்லிலிருந்து வந்து இறங்கியதும் பார்த்தால் மூன்று நான்கு புள்ளி கூடத்தான் காட்டும். கூடுகிறதே என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் குறைந்த காற்றோடு ஓட்டுவீர்கள். டயர் சூடாகி வெடிப்பதற்கு அதைவிடச் சுலபமான வழியில்லை. நைட்ரஜன் போடட்டுமா என்று கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு அதுதான். வாராவாரம் காற்றுப் பார்க்கிறவருக்கு அந்தச் செலவு வேண்டாம்.

முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்தான் வேகமாகத் தேயும். இழுப்பதும் திரும்புவதும் பிரேக்கின் பெரும்பாரமும் அதன்மேல்தான். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றச் சொல்கிறேன். தடுப்பூசிப் பதிவேட்டைப் போலவே ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன்: தேதி, ஓடிய தூரம், நான்கு டயரின் ஆழம். ஆழம் அளக்க ஒரு சின்னக் கருவி மலிவாகக் கிடைக்கிறது. இல்லாவிட்டால் வாய்க்காலுக்குள் தீக்குச்சியை நிறுத்தி, நகத்தால் அடையாளம் வைத்து, ஸ்கேலில் அளந்தாலும் போதும்.

பணம் பற்றாமல் இரண்டு டயர்தான் மாற்ற முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். கடைக்காரர்களே சிலர் முன்னால் போடுவார்கள். முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், காலைத் தளர்த்தினால் ஓரளவு வசத்துக்கு வரும். பின் டயர் வழுக்கினால் கார் சுழலும். ஆண்டிபட்டிக் கணவாய் வளைவில் மழையில் சுழன்ற காரை நிறுத்திக் காட்டும் திறமை எனக்கில்லை.

எப்போது மாற்றுவது? வாய்க்காலுக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும், அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மட்டத்துக்கு வந்தால் சட்டப்படியே டயர் முடிந்தது. ஆனால் ஈரப்பிடிப்பு அதற்கு வெகு முன்பே இறங்கிவிடுகிறது. நான் 3-இல் மாற்றிவிடுகிறேன், அதுவும் புரட்டாசியில். மதுரைக்கு மழையின் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். சித்திரையில் புது டயர் போட்டால் ஆழமான பட்டனின் முதல் மில்லிமீட்டரைக் கொதிக்கும் தாரில் தேய்த்துவிட்டு மழைக்குள் நுழைவோம். பட்டன் குறைந்த டயர் காய்ந்த சாலையில் கோடையைத் தாண்டிவிடும், அதன் ரப்பர் இளமையாக இருக்கும் வரை. பக்கச் சுவரில் முடி போன்ற வெடிப்புகள் வந்திருந்தாலோ ஐந்தாறு வயதாகியிருந்தாலோ, பட்டன் எவ்வளவு இருந்தாலும் கோடை நான்குவழிச் சாலையில் அதை நம்பக் கூடாது. அதிகம் ஓடாமல் வெயிலில் நிற்கும் கார்களுக்கு இதுதான் நடக்கிறது. அவர்கள் 60,000 உழைக்கும் டயரைத் தேடுவதே வீண். தேய்வதற்குள் அது கிழடாகிவிடும். வருடம் 6,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவர் தாராளமாக மென்மையான டயரையே வாங்கலாம். மாறாக, தினம் விமான நிலையத்துக்கும் இராமேசுவரத்துக்கும் வாடகைக்கு ஓட்டி மாதம் 5,000 தாண்டுகிறவர் உழைப்பு வரிசைக்குப் போவதில் தவறில்லை. டயர் வயதாகி இறுகும் முன்பே அவர் அதைத் தேய்த்துவிடுவார். 3 மில்லிமீட்டர் கணக்கை மட்டும் அவர் விடக் கூடாது.

முள், ஆணி பற்றி ஒன்று. நூறாண்டுக்கு முன் மதுரையில் பஸ் விட்ட டி.வி. சுந்தரம் அய்யங்கார், மாட்டு லாடத்திலிருந்து சாலையில் உதிரும் ஆணிகளை எடுக்கக் காந்தம் பூட்டிய வண்டியை ஓட்டியதாகச் சொல்வார்கள். இப்போது ஆணி குறைவு, சீமைக் கருவேல முள் அதிகம்; காந்தத்துக்கு அது மசியாது. ட்யூப்லெஸ் டயரில் முள் ஏறினால் உடனே பிடுங்காமல் பஞ்சர் கடைவரை அப்படியே மெதுவாக ஓட்டிப் போங்கள். பட்டன் பகுதியில் ஏறியதை ஒட்டலாம். பக்கச் சுவரில் கிழிந்தால் அந்த டயரை விட்டுவிட வேண்டியதுதான். நல்ல டயராயிற்றே என்று ஒட்டி ஓட்டாதீர்கள்.

புது டயர் மாட்டிய அன்று கவனமாக வீடு வந்து சேருங்கள். டயரை வார்க்கும் அச்சிலிருந்து எளிதாகப் பிரிவதற்காகத் தடவும் பூச்சின் வழவழப்பு மேலே மிச்சமிருக்கும்; முதல் 300 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக், வேகமான வளைவு இரண்டும் வேண்டாம். கழற்றிய பழையதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்து ஸ்டெப்னியாக வைக்கச் சொல்லுவார்கள். அதற்கும் வயது பாருங்கள், காற்றும் பாருங்கள். நான் பார்க்காமல் இருந்துவிட்டு, சேடபட்டிப் பக்கம் ஒரு நள்ளிரவுப் பிரசவத்துக்குப் போன வழியில் பஞ்சராகி, ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்றே இல்லை. எருமையின் சொந்தக்காரர் பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார்.